வாம்போ: அரசியல்வாதியா, கவர்னருக்கு வேண்டிய கடைக்காரரா?

#1 பூன்கெங்வாசி

வணக்கம். ஒரே ஒரு வரியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், கொஞ்சம் கைகொடுங்கள்.

அடுத்த மாதம் சிங்கப்பூரில் எங்கள் புளோக்குகளைச் சுற்றி ஒரு மரபு நடை வைக்கிறார்கள். ஆங்கிலத்துக்கும் மாண்டரினுக்கும் ஆள் கிடைத்தாகிவிட்டது, தமிழுக்கு யாரும் அகப்படவில்லை என்று மின்தூக்கியில் வைத்து என்னைப் பிடித்துவிட்டார்கள். பெண்டிமியர் சாலைப் பக்கம் நின்று பத்து நிமிடம் வாம்போவைப் பற்றிப் பேச வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாம்போ என்பது அவர் பெயரே இல்லை, ஊர்ப்பெயர். சொந்தப் பெயர் ஹூ ஆ கே. 1816இல் சீனாவின் கேன்டன் பக்கத்து வாம்போவில் பிறந்து, 1830இல் பதினான்கு பதினைந்து வயதுப் பையனாக இங்கே வந்து அப்பாவின் கடையில் சேர்ந்தார். கப்பல்களுக்கு மாட்டிறைச்சி, ரொட்டி, காய்கறி கொடுக்கும் கடை, பிரிட்டிஷ் கடற்படையே வாடிக்கையாளர். 1869இல் சட்டமன்ற உறுப்பினர் ஆனார், அங்கே உட்கார்ந்த முதல் சீனர் அவர்தான். பிறகு நிர்வாக மன்றத்திலும் சிறப்பு உறுப்பினர். 1876இல் சி.எம்.ஜி. என்ற பிரிட்டிஷ் பட்டம், 1880 மார்ச்சில் மரணம்.

நான் அட்டையில் எழுதிய முதல் வரி: "வாம்போ, சிங்கப்பூரின் முதல் ஆசிய அரசியல்வாதி." என் தம்பி அதைப் படித்துவிட்டு, "யார் ஓட்டுப் போட்டது?" என்று மட்டும் கேட்டான். பதில் வரவில்லை. வரியை வைத்துக்கொள்ளவா, அடித்துவிடவா?

#2 கூலிப்பேரன்

அடித்துவிடுங்கள். இதற்கு யோசனை எதற்கு?

1867இல்தான் இந்தத் தீவு லண்டனின் நேரடிக் கைக்கு வந்தது. கவர்னர் ஒரு மன்றம் வைத்துக்கொண்டார். அதில் அதிகாரிகள்தான் பெரும்பான்மை, மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து கையைத் தூக்கினாலும் கவர்னர் நினைத்ததுதான் நடக்கும். அந்த மற்றவர்களில் ஒருவராக, நம் கப்பல்களுக்கு ஒழுங்காக ரொட்டி கொடுக்கிறவர், நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர், நல்ல விருந்து வைக்கிறவர் என்று இவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நாற்காலி கிடைத்தவரெல்லாம் அரசியல்வாதி என்றால் கல்யாண மண்டபத்தில் முன் வரிசையில் இருப்பவரும் அரசியல்வாதிதான்.

அப்புறம் இன்னொன்று. அவர் மன்றத்துக்குள் போன 1869லேயேதான் கவர்னர் மாளிகையும், அதாவது இன்றைய இஸ்தானாவும், கட்டி முடிந்தது. கட்டியது யார்? இந்தியாவிலிருந்து விலங்கு போட்டுக் கொண்டுவந்த கைதிகள். மதராஸ் மாகாணத்து ஆட்களும் அதில் உண்டு. அவர்கள் சார்பாக அந்த மன்றத்தில் ஒரு வாய் உண்டா? தமிழில் பத்து நிமிடம் பேசப் போகிறீர்கள், அதில் அவர்களுக்கு ஒரு நிமிடமாவது ஒதுக்குங்கள்.

#3 வழக்காடி

கூலிப்பேரன் அண்ணே, கோபம் புரிகிறது, வாதம் ஓட்டை. ஓட்டு வாங்கினால்தான் அரசியல்வாதி என்றால் 1948 மார்ச் வரைக்கும் சிங்கப்பூரில் சட்டமன்ற அரசியல்வாதி ஒருவர்கூட இல்லை என்று ஆகிவிடும். நூறு வருடத்துக்கு மேல் இந்த ஊரில் அரசியலே நடக்கவில்லையா? வரி எவ்வளவு, கஞ்சியும் அபினும் விற்க யாருக்கு உரிமம், கூலிகளைக் கப்பலில் எப்படி இறக்குவது என்று முடிவெடுக்கிற மேசை ஒன்று இருந்தது. அந்த மேசையில் உட்கார்ந்து வாயைத் திறந்தவர் அரசியல் செய்தவர். எப்படி உட்கார்ந்தார் என்பது வேறு கேள்வி.

இன்றைக்கும் நம் நாடாளுமன்றத்தில் நியமன உறுப்பினர்கள் இருக்கிறார்கள், 1990 முதல். அவர்களுக்கும் யாரும் ஓட்டுப் போடவில்லை. அவர்கள் பேசுவது அரசியல் இல்லையா?

#4 கூலிப்பேரன்

நியமன உறுப்பினரைப் போய் "நீங்கள் அரசியல்வாதியா" என்று கேட்டுப் பாருங்கள் தம்பி. கட்சி சாராதவர், துறை வல்லுநர் என்றுதான் முதலில் சொல்லுவார். உங்கள் உதாரணமே என் கட்சிக்கு வந்து நிற்கிறது.

தவிர, இன்றைக்கு நியமன உறுப்பினர் கொஞ்சம் பேர், மீதி எல்லோரையும் நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிறோம். அன்றைக்கு எல்லோருமே நியமனம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். (கஞ்சி விற்க உரிமம் எதற்கு? கள், சாராயம் என்று எழுத வந்தீர்களோ?)

#5 வழக்காடி

சாராயம்தான். கைப்பேசி திருத்திவிட்டது. கஞ்சிக்கு அன்றைக்கும் வரி இல்லை.

#6 ஐஸ்காச்சாங்

நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்வதில் ஆளை மறந்துவிட்டீர்கள். பூன்கெங்வாசி, நடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் பேரப்பிள்ளைகளோடு வருவார்கள். சட்டமன்றம், நிர்வாக மன்றம் என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் எதிரே இருக்கும் பபிள் டீ கடைக்குப் போய்விடும். இரண்டு கதை சொல்லுங்கள்.

ஒன்று, வாம்போ வீட்டில் ஒரு ஓராங் ஊத்தான் இருந்தது, தண்ணீர் கொடுத்தால் தள்ளிவிட்டு பிராந்தி கேட்கும். விருந்துக்கு வந்த கடற்படை அதிகாரிகள் பார்த்துவிட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். (பிள்ளைகளுக்கு பிராந்தி வேண்டாம் என்றால் "சர்பத்" என்று மாற்றிக்கொள்ளுங்கள், வரலாறு மன்னிக்கும்.)

இரண்டு, ஐஸ். 1854இல் பாஸ்டனிலிருந்து ஐஸ் கொண்டுவந்து இங்கே விற்றார். குளிர்காலத்தில் அங்கே குளம் உறைந்ததும் ரம்பம் வைத்துப் பாளம் பாளமாக அறுப்பார்கள், மரத்தூளில் புதைத்துப் பாய்மரக் கப்பலில் ஏற்றுவார்கள். பாதி உலகத்தைச் சுற்றி, பூமத்திய ரேகை வெயிலையும் தாண்டி, ஆற்றங்கரையில் இவர் கட்டி வைத்த கிடங்குக்கு வந்து சேரும்போது பாளத்தில் எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் ஐஸ் காச்சாங் (ஐஸைத் துருவிச் செய்கிற இனிப்பு) சாப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறேன். வெள்ளைக்காரர்கள் மட்டும் வாங்கினால் கட்டுப்படியாகுமா? சில வருடங்களில் கடையைக் கட்டிவிட்டார். அந்தக் கிடங்கைத்தான் 1981இல் இடித்தார்கள்.

என் கட்சி: ஐஸ் விற்கத் துணிந்தவர் எதற்கும் துணிவார். அரசியல்வாதிதான்.

#7 சுங்கைக்கரை

எழுபது தாண்டியவள் எழுதுகிறேன், தட்டச்சுப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா சிராங்கூன் சாலையில் வீடு வீடாகப் பால் ஊற்றியவர். எங்களுக்கு வாம்போ என்றால் ஆள் இல்லை, ஒரு திசை. "வாம்போ பக்கம் போய்ட்டு வந்துடறேன்" என்பார். அந்தப் பக்கம் பெரிய பங்களாவும் தோட்டமும் இருந்தன. வாம்போ இறந்த பிறகு சியா குடும்பத்துக் கைக்கு மாறி, பெண்டிமியர் ஹவுஸ் என்று பெயர் வாங்கியது. பிறகு அதையும் 1964இல் இடித்தார்கள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது. வீட்டைப் பார்த்த ஞாபகம் இல்லை, இடித்த பிறகு நின்ற புழுதிதான் கொஞ்சம் ஞாபகம்.

அந்தத் தோட்டத்தைச் சீனப் புத்தாண்டுக்கு ஊருக்கே திறந்து விடுவாராம். சீனாவிலிருந்து தோட்டக்காரர்களை வரவழைத்து, செடிகளை விலங்கு உருவத்தில் வெட்டி வைத்திருந்தார்கள். குளத்தில் ராட்சத அல்லி, இலை ஒவ்வொன்றும் நம் வீட்டுக் கல்யாணத்தில் சோறு கொட்டும் அண்டாவின் வாயைவிட அகலம், விளிம்பு தாம்பாளம் மாதிரி மேலே மடிந்திருக்கும். இன்றைக்குப் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, போனால் அந்த வகை அல்லியைப் பார்க்கலாம்.

பூமலை என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த இடத்தைக் கொடுத்தவரே இவர்தானே. 1859இல். அதையும் சொல்லுங்கள் அம்மா. (அம்மாவா ஐயாவா, தெரியவில்லை.)

#8 பூன்கெங்வாசி

அம்மாதான், அக்கா. நன்றி. புழுதியை அட்டையில் எழுதிக்கொண்டேன்.

#9 கூலிப்பேரன்

அக்கா சொன்னதை மறுக்க மனம் வரவில்லை, ஆனால் "கொடுத்தார்" என்ற சொல்லில் ஒரு திருத்தம். தானம் கொடுக்கவில்லை, மாற்றிக்கொண்டார். தங்ளினில் இருந்த தன் நிலத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, போட் கீயில் நிலம் வாங்கிக்கொண்டார். 1859இல் தங்ளின் ஊருக்கு வெளியே கிடந்தது. போட் கீ என்ன? ஆற்றின் வயிறு. ஊரின் சரக்கெல்லாம் தோணியில் வந்து இறங்குகிற இடம். யாருக்கு லாபம் என்று நம் மளிகைக் கடைக்காரர் யாரையாவது கேளுங்கள், பொட்டலம் கட்டிக்கொண்டே சொல்லுவார்.

வியாபாரி என்கிறேன். திறமையான வியாபாரி. அதில் என்ன குறைவு வந்துவிட்டது என்று எல்லோரும் அவரைத் தலைவராக்கப் பார்க்கிறீர்கள்?

#10 வழக்காடி

சரி, பண்டமாற்றுத்தான், ஒப்புக்கொள்கிறேன். போட் கீ விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அண்ணே, உங்கள் வாதம் எங்கேயோ வழுக்குகிறது. லாபத்துக்குச் செய்தார், அதனால் அரசியல் இல்லை என்கிறீர்கள். லாபத்துக்கு நிலத்தை அரசாங்கத்தோடு மாற்றிக்கொள்வதுதான் அந்தக் காலத்து அரசியலின் பாதி. கவர்னருக்கு இவர் தேவை, ஏனென்றால் ஊரில் பெரும்பான்மை சீனர்கள், அவர்கள் பேச்சு அதிகாரிகளுக்குப் புரியாது. ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ் என்று பல பேச்சு, பல சங்கம், 1854இல் ஹொக்கியனும் தியோச்சியூவும் பத்து நாள் வெட்டிக்கொண்டார்கள். இந்த ஊரை வைத்துக்கொண்டு காவல்துறையால் மட்டும் ஆள முடியாது. நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த நடு இடத்தில் இருபது முப்பது வருடம் விழாமல் நிற்பது சாமானியமா? அது அரசியல் இல்லை என்றால் வேறு எது?

#11 பிள்ளைச்சாலை

நடு இடம் என்று வந்துவிட்டதால் நானும் வருகிறேன். நடுவில் நின்ற முதல் ஆள் வாம்போவா? நாராயண பிள்ளையை ஏன் யாரும் சொல்லவில்லை?

1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்தவர். முதலில் எழுத்தர் வேலை, பிறகு சொந்தமாகச் செங்கல் சூளை, பிறகு துணிக்கடை. கடை 1822இல் தீப்பிடித்துக் கடனில் விழுந்து, ராஃபிள்ஸிடம் போய் நின்று, நிலம் வாங்கி மறுபடியும் எழுந்தார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்குத் தலைவராக அவரை வைத்து, நம் ஆட்களுக்குள் வருகிற வழக்கைத் தீர்க்கிற அதிகாரத்தையும் கொடுத்தார்கள். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827இல் எழும்பியது அவரால். 2019இல் இருநூறாம் ஆண்டு நினைவுக்கு ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நான்கு சிலை வைத்தார்களே, சங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங், நான்காவது யார்? வாம்போ இல்லை. பிள்ளை.

வாம்போ 1830இல் கப்பலிலிருந்து இறங்கும்போது மாரியம்மன் கோயிலுக்கு மூன்று வயது. "முதல் ஆசிய அரசியல்வாதி" என்று எழுதினால் பிள்ளை எங்கே போவார்?

#12 ஐஸ்காச்சாங்

அப்பர் பாய லேபார் பக்கம் பிள்ளை ரோட்டுக்குப் போவார். ஒரு சின்னத் தெரு. வாம்போவுக்கு ஆறு, பேட்டை, உணவங்காடி, சந்தை எல்லாம் உண்டு. கணக்கில் வாம்போ ஜெயிக்கிறார்.

#13 கூலிப்பேரன்

சிரிக்கலாம், ஆனால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 1860 கணக்கெடுப்பில் இங்கே ஏறக்குறைய 13 ஆயிரம் இந்தியர், மலாய்க்காரர்களைவிடக்கூட அதிகம். 1869இல் கவர்னர் ஓர் ஆசியரைத் தேடினார், சீன வியாபாரியை எடுத்தார். சரி, சீனர்கள்தான் பெரும்பான்மை, நியாயம். ஆனால் அந்த 13 ஆயிரம் பேரில் ஒருவர் அங்கே உட்கார இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. பிள்ளை அண்ணன் சொல்கிற தலைவர் பதவியும் நம் ஆட்களை நம் ஆட்களை வைத்தே அடக்குகிற ஏற்பாடுதான். பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. அவர் கோயில் கட்டினார், நான் அங்கேதான் மொட்டை போட்டேன். ஆனால் அவரையும் அரசியல்வாதி என்று தூக்காதீர்கள்.

#14 பிள்ளைச்சாலை

மொட்டை போட்டுவிட்டு இப்படிப் பேசலாமா என்று கேட்க வந்தேன், விட்டுவிடுகிறேன்.

#15 கிட்டங்கிக்கணக்கு

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. வாம்போ சட்டமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே ரஷ்யாவுக்குத் தூதர், 1877 முதல் சீனாவுக்குத் தூதர், பிறகு ஜப்பானுக்கும் தூதர். மூன்றும் ஒரே ஆள், ஒரே சமயம். சிங்கப்பூரில் சீனப் பேரரசு வைத்த முதல் தூதரே இவர்தான். காலையில் கவர்னர் மேசை, மத்தியானம் பீக்கிங் கடிதம், சாயங்காலம் ரஷ்யக் கப்பல் கேப்டனுக்கு விருந்து. இன்றைக்கு யாராவது இப்படி இருக்க முடியுமா? அடுத்த நாளே நாளிதழில் படம் வந்துவிடும்.

இதை வைத்துத்தான் நான் அவரை வெறும் கவர்னர் பொம்மை இல்லை என்கிறேன். பொம்மையை மூன்று பேரரசு நம்பாது. என் தாத்தா மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கியில் ஏடு எழுதினவர், அவர் சொல்லுவார், கடன் கொடுக்கிறவனும் கடன் வாங்குகிறவனும் இரண்டு பேரும் ஒரே ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் அவன் யாருக்கும் சொந்தம் இல்லை என்று அர்த்தம். வாம்போ அப்படி ஓர் ஆள்.

#16 கூலிப்பேரன்

யாருக்கும் சொந்தம் இல்லை என்றால் மக்களுக்கும் சொந்தம் இல்லைதானே? நன்றி, எனக்கு வேலை மிச்சம்.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். அவர் உட்கார்ந்திருந்த காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய சீனக் கூலிக்கு என்ன நடந்தது? புதுசாக வந்த கூலியை, சிங்கே என்பார்கள், கப்பலிலேயே கைமாற்றி விற்பார்கள், கடன் தீரும்வரை எங்கேயாவது தோட்டத்துக்கு, சுமத்ராவுக்கு என்று தள்ளுவார்கள். 1873இல் அவர்களைப் பதிவு செய்ய ஒரு சட்டம் போட்டார்கள், அது நடைமுறைக்கு வரவே இல்லை. பிறகு 1877இல் சீனர் பாதுகாப்பு அலுவலகம் திறந்து பிக்கரிங் வந்து உட்கார்ந்தார். அவர் சீன மொழி தெரிந்த வெள்ளைக்காரர். அதாவது ஒரு சீனர் எட்டு வருடம் மன்றத்தில் உட்கார்ந்திருந்த பிறகும், கூலியின் வாயைக் கேட்க ஒரு வெள்ளைக்காரரைத்தான் போட வேண்டியிருந்தது. அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும்பங்கு அபின் குத்தகையிலிருந்து வந்துகொண்டிருந்த காலம். அபினைப் புகைத்தவனும் அதே கூலிதான். அந்த மேசையைத்தான் வழக்காடி தம்பி அரசியல் மேசை என்கிறார்.

#17 வழக்காடி

ஆமாம், அதே மேசைதான். நல்ல முடிவு எடுத்தால் அரசியல், கெட்ட முடிவு எடுத்தால் வியாபாரம் என்று பிரிக்க முடியாது அண்ணே. நீங்கள் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதே அவர் அரசியல்வாதி என்பதற்குச் சாட்சி. ரொட்டிக்காரரைப் பார்த்து "கூலிக்கு என்ன செய்தாய்" என்று யாரும் கேட்பதில்லை. கேட்கிறீர்கள் என்றால் அந்தப் பொறுப்பு அவருக்கு இருந்தது என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்.

#18 கூலிப்பேரன்

இது கொஞ்சம் உறைக்கிறது. யோசித்துவிட்டு வருகிறேன். இன்றைக்கு இரவு வேலை.

#19 சுங்கைக்கரை

நீங்கள் சண்டை போடுவதைப் படிப்பது எனக்குச் சீரியல் பார்ப்பதைவிட நன்றாக இருக்கிறது. ஒரு கதை சொல்லட்டுமா. வாம்போ மகனை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார். பையன் கிறிஸ்துவனாகி, அன்றைக்குச் சீன ஆண்கள் வைத்திருந்த நீளச் சடையை வெட்டிக்கொண்டு திரும்பினான். வெள்ளைக்காரர்களோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட அதே மனுஷன் மகனைப் பார்த்ததும் கொதித்துப்போய், சடை திரும்ப வளரும்வரைக்கும் இங்கே இருக்காதே என்று கேன்டனுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார். எங்கள் தெருவில் ஒருத்தர் மகன் லண்டனிலிருந்து காதில் கடுக்கனோடு வந்தபோது இதே கதைதான், கப்பல் மட்டும் இல்லை.

#20 கிட்டங்கிக்கணக்கு

அக்கா, பிரமாதம். கடைசியில் அவரும் ஊருக்கே போய்விட்டார், உடலைக் கப்பலில் எடுத்துப்போய் வாம்போவுக்கு எதிரே டேன்ஸ் தீவில் புதைத்தார்கள். ஐம்பது வருடம் இங்கே இருந்தவர், மண் மட்டும் அங்கே. நம் செட்டியார்கள் மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் ஊருக்குப் போவார்கள், வாம்போவின் கணக்கு கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

அவர் பெயர் விஷயமும் எனக்குப் பிடிக்கும். நம்மிலும் பெயரைச் சொல்லாமல் "மாயவரத்தார்", "தேவகோட்டைக்காரர்" என்போம். அதே மாதிரி ஊர் இந்த மனுஷனின் பெயரை விழுங்கிவிட்டது. இங்கே வந்து அந்த ஊர்ப்பெயர் ஒரு பேருந்து நிறுத்தத்துக்குப் பெயராகிவிட்டது.

#21 பூன்கெங்வாசி

ஒரு கிளைக் கேள்வி. சரி, ஓட்டு வந்த பிறகாவது வியாபாரிகள் ஒழுங்காக ஓட்டு வாங்கி வந்தார்களா? யாராவது சொல்லுங்கள், என் தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

#22 வழக்காடி

வந்தார்கள், மெதுவாக. 1948இல் முதல் தேர்தல். மன்றத்தில் 22 பேர், அதில் மக்கள் தேர்ந்தெடுத்தது 6 பேர்தான். பிரிட்டிஷ் குடிமக்கள் மட்டும் ஓட்டுப் போடலாம், பதிந்தவர்கள் சுமார் 22 ஆயிரம். அந்த ஆறுக்குப் பக்கத்தில் மூன்று நாற்காலி வர்த்தகச் சபைகளுக்கு என்றே ஒதுக்கினார்கள், ஐரோப்பியருக்கு ஒன்று, சீனருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. இந்தியச் சபையின் நாற்காலியில் உட்கார்ந்தவர் ரஜபலி ஜுமாபாய், கட்ச் பக்கத்து குஜராத்தி வியாபாரி. ஆக ஓட்டு வந்த பிறகும் கடைக்குத் தனி நாற்காலி இருந்தது. அரசமைப்பைத் திருத்த ரெண்டல் குழு வந்து அந்த நாற்காலிகளை எடுத்த பிறகு, 1955இல் அதே ஜுமாபாய் சுயேச்சையாகத் தேர்தலில் நின்று ஜெயித்தார். அப்போது பட்டியலில் 3 லட்சம் பேர். நியமனத்தில் தொடங்கித் தெருவில் இறங்கி ஓட்டு கேட்டது வரை ஒரே வாழ்க்கையில் செய்து காட்டிய வியாபாரி வேண்டுமென்றால் அவரைச் சொல்லலாம். நூறு வயது வாழ்ந்து 1998இல் இறந்தார்.

#23 பிள்ளைச்சாலை

அவர் ஜெயித்தார், நம்மைப் பொறுத்தவரை அவரும் ஹை ஸ்ட்ரீட் பக்கத்துப் பெரிய வியாபாரிதான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தமிழனுக்கு அவர் என்ன, வாம்போ என்ன. அன்றைக்குத் தமிழனை "குடியுரிமைக்குப் பதிந்துகொள்" என்று வீடு வீடாகத் தள்ளியது கோ. சாரங்கபாணியும் அவர் நடத்திய தமிழ் முரசு பேப்பரும். அவர் சட்டமன்றத்தில் உட்காரவே இல்லை. அது அரசியல்.

#24 கூலிப்பேரன்

இரவு வேலை முடிந்து வந்தேன். பிள்ளை அண்ணன் கடைசியில் என் பக்கம் வந்துவிட்டார், சந்தோஷம்.

வழக்காடி தம்பிக்குப் பதில். நீங்கள் சொன்னதைக் கிரேன் மேலே உட்கார்ந்து ஆறு மணி நேரம் யோசித்தேன். பொறுப்பு இருந்தது, அதனால் அரசியல்வாதி என்கிறீர்கள். சரி, பொறுப்பு இருந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் பொறுப்பைக் கொடுத்தவர் கவர்னர், பதில் சொல்ல வேண்டியதும் கவர்னருக்கே. சிங்கே வந்து "ஏன் ஐயா" என்று அவர் சட்டையைப் பிடிக்க முடியாது, அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று மிரட்டக்கூட முடியாது. சட்டையைப் பிடிக்க முடியாதவரை நான் அரசியல்வாதி என்று சொல்ல மாட்டேன். இது என் பிடிவாதம், இருக்கட்டும்.

பூன்கெங்வாசி அம்மா, "முதல் ஆசிய உறுப்பினர்" என்று எழுதுங்கள். அது உண்மை, யாரும் சண்டைக்கு வர முடியாது.

#25 வழக்காடி

"உறுப்பினர்" என்றால் நூலக அட்டை மாதிரி இருக்கிறது அண்ணே.

#26 பூன்கெங்வாசி

எல்லோருக்கும் நன்றி. அட்டையை மூன்று தடவை கிழித்துவிட்டேன், இப்போது இருப்பது நான்காவது.

முதல் வரியை அடித்துவிட்டேன். அங்கே இப்போது ரொட்டி இருக்கிறது: "பதினைந்து வயதில் அப்பா கடையில் கப்பல்காரர்களுக்கு ரொட்டி எடுத்துக் கொடுத்த பையன், ஐம்பது வயது தாண்டி கவர்னர் மேசைக்குப் போனார், அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை." பிறகு ஐஸ், பிறகு அல்லி இலை. ஓராங் ஊத்தானுக்கு சர்பத். நடுவில் ஒரு நிமிடம், அவர் நாற்காலிக்குப் போன வருடத்தில் இஸ்தானாவைக் கட்டி முடித்தவர்கள் யார் என்று. நாராயண பிள்ளைக்கு அரை நிமிடம், பிள்ளை அண்ணன் கோபிக்க வேண்டாம், அவருக்கு சவுத் பிரிட்ஜ் ரோட்டில் தனியாக ஒரு நடை வைக்கலாம். போட் கீ கணக்கைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திக் கூட்டத்தைப் பார்ப்பேன், யார் முதலில் சிரிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

"அரசியல்வாதி" என்ற சொல் கடைசி வரியில் கேள்விக்குறியோடு இருக்கிறது. அதை எடுக்க மாட்டேன். என் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

#27 கூலிப்பேரன்

நானும் வருகிறேன். கேள்விக்குறியைச் சத்தமாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் கையைத் தூக்குவேன்.

#28 ஐஸ்காச்சாங்

நடை முடிந்ததும் வாம்போ உணவங்காடியில் ஐஸ் காச்சாங் என் செலவு. மரத்தூள் இல்லாமல்.

#29 சுங்கைக்கரை

முட்டிவலி இருக்கிறது, நடக்க முடியாது. பெண்டிமியர் முனையில் நாற்காலி போட்டு வைத்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். யாரும் நியமிக்க வேண்டாம்.